சாரத்தில் நிற்பவரின் மனசு யாருடைய பொறுப்பு?

(சங்கரன்கோவிலில் கட்டுமானத் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து, மேலுக்கு ஊற்றிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் கொத்தனார்கள், நிமிந்தாள்கள், சித்தாள் அக்காமார், கல்லூரித் தோழர்கள் எல்லோருக்கும் நன்றி. கூட வேலை பார்க்கிற ஆள் மனசொடிந்து போனால் நாம் என்ன செய்வது? இதுதான் தலைப்பு. இதை மருத்துவர் அல்லவா பேச வேண்டும் என்று கேட்கலாம். சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தற்கொலை மரணங்களை ஆண்டுதோறும் தொழில்வாரியாகப் பிரித்து வெளியிடுகிறது. 2014இல் நாடு முழுவதும் இறந்தவர்கள் 1,31,666 பேர். அதில் தினக்கூலிகள் 15,735, அதாவது எட்டில் ஒருவர். 2021இல் இறந்தவர்கள் 1,64,033 பேர். அதில் தினக்கூலிகள் 42,004, அதாவது நான்கில் ஒருவர். அந்த ஆண்டு தினக்கூலிகளின் தற்கொலையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 7,673 பேர். தமிழ்நாட்டில் நடந்த மொத்தத் தற்கொலைகள் 18,925. ஐந்து சாவில் இரண்டு, தினக்கூலியின் சாவு. நாடு முழுக்க இறந்த தினக்கூலிகளில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள். விவசாயக் கூலிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. கட்டட வேலையைத் தனியாகப் பிரிக்கவில்லை. அது இந்தத் தினக்கூலிக் கட்டத்துக்குள்தான் கிடக்கிறது.

காரணம் என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. 2021இல் முதலிடம் 'குடும்பப் பிரச்சினை', 33.2 விழுக்காடு. அடுத்து 'நோய்', 18.6. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம் வேலை இல்லை. குழுக் கடனுக்கு ஆள் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் சண்டை வராமல் என்ன செய்யும்? காவல் நிலையத் தாளில் அது குடும்பப் பிரச்சினை ஆகிவிடுகிறது. இருபது வருடம் சிமெண்ட் மூட்டை சுமந்து நடுமுதுகு போனால் அது நோய் ஆகிவிடுகிறது. ஊரில் கேட்டால் இன்னும் சுருக்கமாக, 'குடிச்சே போயிட்டான்' என்பார்கள். அந்த அறிக்கையில் சாதிவாரியான பட்டியலே கிடையாது.

2016இல் ரோஹித் வெமுலா, 2017இல் அனிதா, 2019இல் பாயல் தத்வி. இந்தப் பெயர்களை நாம் மறக்கவில்லை. இவை தனிமனிதர்களின் பலவீனம் அல்ல, நிறுவனப் படுகொலை என்று உரக்கச் சொன்னோம். சரியாகத்தான் சொன்னோம். அனிதாவின் தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. அந்தத் தந்தைமாரின் உலகத்துக்கு நம்முடைய அந்தச் சொல் இன்னும் இறங்கி வரவில்லை. வளாகத்தில் நடந்தால் அரசியல், வேலைத்தளத்தில் நடந்தால் குடும்ப விஷயம் என்று நாமும் பிரித்து வைத்திருக்கிறோம்.

சாதி என்பது வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே படிப்படியாகப் பிரித்து வைப்பது என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கிவிட்டார். கட்டட வேலைக்கு வாருங்கள், கண்ணால் பார்க்கலாம். கடைக்கால் தோண்டியது முதல் பூசை அறைக்குப் பூச்சுப் பூசியது வரை அந்த வீட்டுக்குள் நம்முடைய ஆள் புழங்குவார். பால் காய்ச்சிய மறுநாள் மிச்சக் கூலி கேட்டுப் போனால் வாசலில் நிற்க வேண்டும். ஐம்பது வயதுக் கொத்தனாரை இருபது வயதுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். ஒரு பெண் பதினெட்டு வயதில் சித்தாளாக வந்தால் அறுபது வயதிலும் சித்தாள்தான். கரண்டியை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகு இன்னொரு வேலை நாள் ஆரம்பிக்கிறது.

2022 செப்டம்பரில் இங்கே பக்கத்தில் பாஞ்சாகுளத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கிடையாது, ஊர்க் கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொன்ன காணொளியை நாடே பார்த்தது. வழக்கு வந்தது, கைதும் நடந்தது. ஆனால் 'நமக்குக் கிடையாது' என்ற பாடம் அந்த வயதிலேயே மனசில் இறங்கிவிடுகிறது. சாந்துச் சட்டியோடு அந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டுதான் நம்மில் பலர் சாரம் ஏறுகிறோம். புளியரை தாண்டிப் புனலூர், கொல்லம் என்று வேலைக்குப் போனால் அங்கே 'பாண்டி' என்ற ஏச்சு காத்திருக்கிறது. இப்போது நம் ஊர் வேலைத்தளங்களில் நிற்கும் வங்காளத்துத் தம்பி, ஒடிசாத் தம்பிக்கு அந்தத் தனிமை எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது?

மனைவியிடம் சொல்லாததை, மருத்துவரிடம் சொல்லவே போகாததை, பத்து மணி டீக்கு உட்காரும்போது பக்கத்து ஆளிடம் ஒருவர் சொல்லிவிடுவார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008இல் 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்ஷன்' என்ற அமைப்பு இதை வைத்துத்தான் தொடங்கியது. தளத்தில் எல்லோருக்கும் அடிப்படைப் பயிற்சி. தாமாக முன்வரும் சிலருக்கு, தவிக்கிற ஆளைத் தனியே விடாமல் உதவியோடு இணைத்துவிடக் கூடுதல் பயிற்சி. சகதொழிலாளிதான் அங்கே முதல் ஆள்.

நாம் பார்க்க வேண்டியது இவை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் தனியே போய்ச் சாப்பிடுகிறார். அடிக்கடி வேலைக்கு வராமல் போகிறார். குடி கூடுகிறது. உயரத்தில் கவனமில்லாமல் நடக்கிறார். 'நான் இருந்து யாருக்கு என்ன' என்கிறார். ஆசையாக வைத்திருந்த கரண்டியையும் மட்டப்பலகையையும், காரணம் சொல்லாமல், 'நீயே வச்சுக்கோ' என்று கொடுக்கிறார். இதில் எதைப் பார்த்தாலும் தனியாகக் கூட்டிப் போய் உட்காருங்கள்.

நேராகக் கேளுங்கள். 'அண்ணே, ஒரு வாரமா நீங்க நீங்களா இல்ல. செத்துப் போயிரலாம்னு எதுவும் தோணுதா?' என்றே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகும் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி ஆகாது என்பதுதான் ஆய்வுகள் சொல்வது. கேட்க ஒரு ஆள் கிடைத்தால் பாரம் இறங்கத்தான் செய்யும். பிறகு வாயை மூடிக்கொண்டு காது கொடுங்கள். 'ஆம்பளையா இரு', 'உன்னைவிடக் கஷ்டப்படறவன் இல்லையா', 'பிள்ளைகளை நினைச்சுப் பார்' எல்லாம் வேண்டாம். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருக்கும் ஆளுக்கு அது இன்னொரு மூட்டை. 'ஆமா, தோணுது' என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். உதவி கிடைக்கும்வரை கூடவே இருங்கள்.

இங்கே 'அண்ணே' என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். சாதி பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடும் தளத்தில் யாரும் யாரிடமும் மனசு திறக்க மாட்டார்கள். கூட வேலை பார்க்கிறவரை அண்ணே, அக்கா, தம்பி என்று மதித்துக் கூப்பிடுவதும் ஒரே தூக்குவாளியில் தண்ணீர் குடிப்பதும் மனநலப் பணியின் முதல் படி. சாதி ஒழிப்புக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

14416 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை இது, இரவும் பகலும் எடுப்பார்கள். தமிழ் தவிர மற்ற இந்திய மொழிகளிலும் பேசலாம், அதனால் வடமாநிலத் தம்பிகளுக்கும் கொடுங்கள். சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044 24640050. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது. சிகிச்சை தருவதை அரசின் கடமை ஆக்குகிறது. முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை.

ஆனால் மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். ஆஸ்திரேலியத் தொழிலாளியையும் நம்மையும் அப்படியே ஒப்பிட முடியாதது இங்கேதான். கடனும் கூலிப் பாக்கியும் அப்படியே இருக்க, மனசை மட்டும் சரிசெய்ய ஆலோசனை சொல்வது ஏமாற்று வேலை. அதனால் இது சங்கத்தின் வேலையும்கூட. 1982இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், 1996இன் மத்தியச் சட்டங்கள் எல்லாமே சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வாங்கியவை. கட்டடச் செலவில் 1 விழுக்காடு நல வரியாக வாரியத்துக்குப் போகிறது. அந்தப் பணத்திலிருந்து மனநலச் சிகிச்சைக்குப் போகும் நாளுக்குக் கூலி ஈடு வேண்டும். மழைக்கால வேலையில்லா நாள்களுக்கு உதவித்தொகை வேண்டும். சித்தாள் பெண்களுக்குக் கொத்து வேலைப் பயிற்சியும் கொத்தனார் கூலியும் வேண்டும். இவற்றைக் கேட்போம்.

அரசு தரும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகளும் உண்டு. ஒவ்வொரு தளத்திலும் சிமெண்ட் அடுக்கும் சுவரில் 14416 என்று கரியால் எழுதுங்கள். ஒருவர் மருத்துவமனைக்குப் போகும் நாளில் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர் வீட்டில் அடுப்பு எரியச் செய்யுங்கள். கல்லூரித் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாரிய அட்டை இல்லாதவர்களுக்குப் பதிவு செய்து கொடுங்கள், காலாவதியானதைப் புதுப்பித்துக் கொடுங்கள். அப்படி வரும்போது விண்ணப்பத்தை மட்டும் பார்க்காமல், எதிரில் இருக்கும் அண்ணனிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.