தூளில் ஒரு துரும்பு



விமானப் பொறியினுள் வெப்ப வாயுவின் விசையால் சுழலும் இதழ்களைத் தாங்கி நிற்பது டர்பைன் வட்டு. நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் அவ்வட்டினை, ஒவ்வோர் இதழும் தன் எடையினும் பல்லாயிரம் மடங்கு விசையோடு வெளிநோக்கி இழுக்கிறது. இதழொன்று முறிந்தால் பொறியின் உறை தடுத்துவிடும். வட்டே பிளந்தால் தடுக்கவல்ல உறை இல்லை.

இவ்வட்டுக்குரிய நிக்கல் கலவையில் குரோமியம், கோபால்ட், அலுமினியம், டைட்டேனியம் முதலியன சேரும். உருக்கிப் பெருங்கட்டியாக வார்த்தால், மெல்ல ஆறும்போது அவை ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் உறையும். கட்டியை அடித்து உருவாக்கும்போது வெடிப்பு காணும். அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டனர். உருகிய உலோகத்தை ஆர்கான் வாயுவால் சிதறடித்தனர். ஒவ்வொரு துளியும் கணத்தில் உறைவதால் கலவை பிரிய நேரமில்லை. அத்தூளைச் சலித்து, காற்றகற்றிய கலத்தில் அடைத்து, வெப்பமும் அழுத்தமும் தந்தால், எங்கும் ஒரே தன்மையுடைய உலோகம் பிறக்கிறது. 1970-களில் போர் விமானப் பொறிகளில் இடம்பெற்ற இம்முறை, பின்னர்ப் பயணியர் விமானங்களுக்கும் வந்தது.

பெருங்குறை நீங்கியது, சிறுகுறை ஒன்று உடன் வந்தது. உருக்குகலத்தின் சுட்டமண் துணுக்கொன்று தூளில் கலந்துவிட்டால், அது சல்லடைக் கண்ணில் நுழையுமளவு சிறிதாயினும், அங்கிருந்தே விரிசல் தொடங்கலாம். ஒவ்வொரு பயணமும் அதனைச் சிறிது வளர்க்கும்.

2022 டிசம்பர் 24 அன்று, ஏர்பஸ் ஏ320 நியோ விமானமொன்று மேலெழ ஓடும்போதே அதன் பொறிகளுள் ஒன்று செயலிழந்தது, ஓட்டம் கைவிடப்பட்டது. காற்றை அழுத்தும் பகுதியின் சுழலுறுப்பு முறிந்திருந்தது. காரணம், தூள் உலோகத்தில் இருந்த குறை. 2015 முதல் 2021 வரை செய்த பொறிகளுள் ஏறத்தாழ 1,200 பொறிகளைக் கழற்றிச் சோதிக்க வேண்டுமெனப் பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனம் 2023 ஜூலையில் அறிவித்தது. வட்டுகளுக்குள் மிகையொலி அலை செலுத்தித் தேடும் பணி தொடங்கிற்று. பறக்க வேண்டிய விமானங்கள் பல தரையில் நின்றன.

நுணுக்குவதனால் மட்டும் தூய்மை வந்துவிடுவதில்லை. நுணுக்கம் மிக மிகக் காவலும் மிக வேண்டும். சொல்லைச் சலித்தெடுப்போர் அறிந்த அறமே இது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பிழைபட்ட சொல்லை மறுபதிப்பில் திருத்தலாம். வட்டினுள் உறைந்துவிட்ட துகளைத் திருத்த இயலாது. வட்டையே கழற்றி எறிதல்தான் வழி. தூளைச் சலிக்கும் கையினை விமானத்தில் அமர்வோர் ஒருநாளும் காண்பதில்லை. அவர்தம் உயிரோ அந்தக் கையில் இருக்கிறது.