கொழுந்துக் கணக்கு நம் கையிலும் இருக்கட்டும்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோயிலடியிலும் பீலியடியிலும் தவறணையிலும் நாம் பேசாத விஷயம் இல்லை. கூட்டத்துக்கு வந்தால் மட்டும், "விஞ்ஞானமும் பொருளாதாரமும் படித்தவங்க பாடு, நமக்கெதுக்கு?" என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

2015இல் கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தார்கள். சிறுநீரக நோய்ப் பயம்தான் காரணம். அந்தப் பயத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மலையில் புல் ஏறியபோது அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே நின்றவர்கள் நாம்தானே? 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த வருஷம் முடியுமுன்னே அதையும் மாற்றினார்கள்.

உரம் இல்லாத மலையில் கொழுந்து குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராது. வகுப்பில் வெறும் வாங்கைப் பார்த்தே நாங்கள் அதைத் தெரிந்துகொள்கிறோம்.

மருந்து நல்லதா கெட்டதா என்பதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. இருக்கட்டும். இரண்டையும் இங்கே பேசுவோம். தெளித்த கையும் பறித்த கையும் நம்முடையவை. நம்மைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

ஒரு வேலை செய்வோம். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் தினமும் எழுதுங்கள்: எந்த மலை, எத்தனை கிலோ, எத்தனை கிலோ கழித்தார்கள், எப்போது உரம் போட்டார்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதட்டும். மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த சம்பளப் பேச்சில் அதுதான் நம் சாட்சி.