‘தெரியும்’ என்பதும் ‘பேசுகிறேன்’ என்பதும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

காரைக்கால்மேட்டில் தமிழின் நிலை யாது என்று வினவினால், ‘இஃதென்ன கேள்வி, இங்கு அனைவரும் தமிழர்தாமே!’ என்பீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையே சொல்லும். தாய்மொழி எது, அதற்குமேல் அறிந்த மொழிகள் இரண்டு எவை என்பதோடு அதன் வினா முடிகிறது. குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது அதன் இலக்கணம். இன்று நாம் நம் பிள்ளையிடம் எம்மொழியில் பேசுகிறோம் என்று அது கேட்பதில்லை.

பிரிட்டனில் வேல்ஸ் நாட்டார் அதையும் கேட்டார்கள். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் மொழி பேசத் தெரியும் என்றோர் 17.8 விழுக்காட்டினர். அதே காலத்து மாதிரிக் கணக்கெடுப்பொன்றோ ஏறத்தாழ 29 என்றது. ‘தெரியும்’ என்பது அத்துணை வழுக்கும் சொல்! ஆனால் 2019-20இல் நடந்த பயன்பாட்டு ஆய்வு, யாரிடம், எங்கே, எத்தனை முறை பேசுகிறீர்கள் என்று வினவியது. பேசத் தெரிந்தவருள் நாள்தோறும் பேசுவோர் 56 விழுக்காடு என்று கண்டது.

நமக்கும் அத்தகைய ஆய்வு வேண்டும். 1954 வரை பிரெஞ்சு ஆண்ட மண் இது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்துக்கும் இடம் வைத்தது. சட்டம் இருக்கட்டும், கடற்கரைக்கு வாருங்கள். கொண்டல் என்றால் நமக்கு மேகம், மீனவருக்குக் கீழைக்காற்று. (அகராதி இரண்டையும் ஏற்கிறது, நாம்தாம் ஒன்றை மறந்தோம்.) வாடை, கச்சான், சோழகம் என்று பிரித்தறியும் அப்பெரியவரின் பேரன், கைப்பேசியில் காற்றை எப்பெயரால் படிக்கிறான்? அச்சொற்கள் அவன் வாயில் இல்லையெனில், நம் கவிதையில் அவை யாருக்காக?

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. இலக்கிய வட்டத்தார் போய் நின்றால், ‘தமிழ்தானுங்க’ என்பார்கள். விருந்தினருக்குச் சொல்லும் விடை அது. ஆகவே பொதுவாகக் கேளாமல், நேற்றைய நாளைக் கேட்போம். நேற்று எம்மொழியில் எண்ணினீர்கள்? சண்டையிட்டீர்கள்? வங்கிப் படிவத்தை நிரப்பியது யார்? கைப்பேசிச் செய்தியைத் தமிழ் எழுத்தில் எழுதினீர்களா, ஆங்கில எழுத்திலா? தந்தையிடம் கேட்டுவிட்டு வீட்டார் அனைவருக்கும் அதையே எழுதிவிடக் கூடாது. அண்ணனும் தங்கையும் தமக்குள் பேசுவது வேறாக இருக்கும். கடலுக்குச் சென்றோர் கரை திரும்பி, வலை பழுதுபார்க்கும் வேளையே பேச வாய்ப்பான வேளை.

வினாத்தாள் ஒன்று எழுதி வந்திருக்கிறேன். முதற்படிகளைக் கவிஞர்களாகிய நீங்களே நிரப்பித் தர வேண்டுகிறேன். ‘உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் நூலைப் படித்ததுண்டா?’ என்ற வினா அதில் பதினோராவதாக இருக்கிறது.