காலுக்குள் ஓடும் குருதி
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது. "வயது போனால் அப்படித்தான்" என்று எங்கள் அம்மாமார் சொல்லிவிடுவார்கள். ஆனால் அது காலுக்குப் போகும் நாடிகள் ஒடுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனியாது விட்டால் ஆறாத புண்ணிலும், சிலவேளை காலை அகற்றுவதிலும் போய் முடியும்.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் குருதியமுக்கத்தால் வகுக்கிறோம். விடை 0.9 அல்லது அதற்குக் குறைவென்றால் ஒடுக்கம் இருப்பதாகக் கொள்கிறோம். ஆனால் நீண்டகால நீரிழிவில் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து விறைத்துவிடுவதால், நோய் இருந்தும் விடை நல்லதுபோலத் தோன்றலாம். தசைக்கு எவ்வளவு ஒட்சிசன் போய்ச் சேர்கிறது என்பதும் இதில் தெரியாது.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. உதவுகிறது. ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபினும் அதை இழந்த ஈமோகுளோபினும் காந்தப் புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்வதை லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கொரியலும் 1936இல் காட்டினர். 1990இல் செய்ஜி ஒகாவா குழுவினர் அந்த வேறுபாட்டை மூளையின் எம்.ஆர்.ஐ. படங்களில் கண்டனர். அதே முறை இன்று காலுக்கும் பயன்படுகிறது. தொடையில் பட்டி கட்டி, காற்றடித்து, சுமார் ஐந்து நிமிடம் குருதியோட்டத்தை நிறுத்துவார்கள். தளர்த்தியதும் நலமான காலில் குருதி பாய்ந்து வர, படத்தில் தசையின் ஒளிர்வு விரைவாக உயரும். நாடி ஒடுங்கிய காலில் அந்த உயர்வு தாமதமாகவும் தாழ்வாகவும் இருக்கும்.

இன்னொரு முறையில், குருதியிலுள்ள நீருக்கே காந்த அடையாளமிட்டு, 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் குருதி சேர்கிறது எனக் கணிக்கலாம். இரண்டுக்கும் சாய ஊசி தேவையில்லை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது பெரிய நன்மை.

இவை இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. தங்கைகளே, இந்தத் துறைக்கு வைத்தியர்கள் மட்டும் போதாது. பௌதிகவியலும் கணிதமும் படிக்கும் நீங்களும் வேண்டும்.

மூத்தவர்களே, நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். நடந்தால் வந்து நின்றால் போகும் வலியை வைத்தியரிடம் சொல்லுங்கள். நீரிழிவு இருந்தால் தினமும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். வீட்டில் புகைப்பவர் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.