உருவமும் உள்ளடக்கமும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் கணினிக் குறிமொழியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் ஐயுறலாம். நம் எழுத்து நிலைப்பதும் அழிவதும் இன்று அதைச் சார்ந்திருப்பதால் துணிந்தேன்.

கையெழுத்துப் படியின் ஓரத்தில் 'பெரிய எழுத்து', 'நடுவில்' என்று அச்சுக்குக் குறிப்பெழுதுவது பழைய வழக்கம். கணினியும் முதலில் அவ்வாறே பழகியது. ஆனால், தடித்த எழுத்தில் உள்ள சொல் தலைப்பா, நூற்பெயரா, அழுத்தமா என்பதைக் கண் ஊகிக்கும், பொறி ஊகிக்காது. ஆகவே, 'எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லாதே, இன்னதென்று சொல்' என்னும் கொள்கை பிறந்தது. 1967இல் வில்லியம் டன்னிக்லிஃப் கனடாவில் இதனை வலியுறுத்தினார். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவரும் ஜி.எம்.எல். மொழியை அமைத்தனர். அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் உலகத் தரமாயிற்று.

இணையத்தின் எச்.டி.எம்.எல். மொழியும் இம்மரபினதே. ஆயினும், எழுத்துரு, நிறம் முதலிய ஒப்பனைகள் அதனுள் புகுந்தன. 1994இல் ஹோக்கொன் வியும் லீ முன்மொழிந்து, 1996இல் பரிந்துரையாக வெளிவந்த சி.எஸ்.எஸ்., ஒப்பனையைத் தனித்தாளுக்கு மாற்றியது.

இக்குழப்பத்தின் விலையைத் தமிழர் நன்கறிவோம். தொண்ணூறுகளில் உரோமன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தித் தட்டச்சிட்டோம். என் கட்டுரைகள் சில அவ்வாறு நெகிழ்வட்டில் கிடக்கின்றன. எழுத்துரு தொலைந்தது, திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தெரிகின்றன. உடை போனதும் உயிரும் போனது போலாயிற்று. யூனிகோடு எழுத்துக்கு எண் தருகிறது, வடிவத்துக்கு அன்று. துதிக்கை போல் வளைந்த பழைய 'லை'யும், 1978இன் சீர்திருத்தம் தந்த இன்றைய 'லை'யும் அதில் ஒன்றே. வடிவம் எழுத்துருவின் பொறுப்பு.

"கவிதையில் உருவமும் பொருளன்றோ?" என்று நீங்கள் வினவலாம். உண்மையே. ஓலைச்சுவடியில் செய்யுளை அடிபிரிக்காமல் தொடர்ந்தெழுதினர்; யாப்பு அடியைக் காத்தது. யாப்பின் துணையில்லாப் புதுக்கவிதைக்கோ வரிமுறிவே பொருள். ஆகவே அதை 'இது வரி' என்று குறிக்க வேண்டும். வெற்றிடமாக விட்டால் நாளை எவரோ மடக்கிவிடுவர். எது உடை, எது உயிர் என்று தீர்மானிப்பது பொறியாளரின் வேலை மட்டுமன்று. இலக்கியம் அறிந்தவர் வேலையும் ஆகும்.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கட்டுரைகளையேனும் இவ்வாறு குறித்து வைப்போம். அடுத்த தலைமுறை அவற்றுக்குத் தான் விரும்பிய உடையை உடுத்திக் கொள்ளட்டும்.