தோட்டத்திற்கு வரும் விருந்தினர்

(சோமனூர் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சோமனூர் என்றதும் வெளியூர் அன்பர்களின் நினைவிற்கு வருவது விசைத்தறியின் ஓசையே ஆகும். ஆயினும் இவ்வூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் தறிக்கூடத்தை அடுத்தே தோட்டமும், தோட்டத்தை அடுத்து மானாவாரிக் காடும் இருப்பதை நாம் அறிவோம். தறித்தொழிலை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதையும் காலம் நமக்கு உணர்த்தியுள்ளது. 2022-ஆம் ஆண்டிலும் 2025-ஆம் ஆண்டிலும் கூலி உயர்வு கோரித் தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது, சிறிதளவேனும் நிலமுடைய குடும்பங்கள் அந்நிலத்தையே ஏக்கத்துடன் நோக்கின. அந்நிலத்திலிருந்து வருவாய் பெருக ஒரு வழியைக் குறித்து இன்று உங்களுடன் கலந்து பேச விரும்புகின்றோம்.

குளிர் நாடுகளில் ஓர் இனிய வழக்கம் உண்டு. அமெரிக்க நாட்டின் நியூயார்க், மிச்சிகன் முதலிய மாநிலங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஆப்பிள் பழுக்கும் காலம். அப்பொழுது நகரத்து மக்கள் குழந்தை குட்டிகளுடன் பழத்தோட்டங்களை நாடிச் செல்கின்றனர். கூடையைக் கையில் வாங்கிக்கொண்டு, தாங்களே மரத்திலிருந்து பழம் பறிக்கின்றனர். பறித்ததை எடைபோட்டு உரிய விலையைத் தோட்டக்காரரிடம் கொடுக்கின்றனர். தோட்டத்தின் ஒரு மூலையில் ஆப்பிளை அரைத்து, துணியில் பொதிந்து, அழுத்திச் சாறு பிழியும் பொறி ஒன்று இருக்கும். வடிகட்டாத அந்தப் புதுச் சாற்றை அந்நாட்டார் சைடர் என்பர். அதை அங்கேயே அருந்தி மகிழ்ந்து, வீட்டிற்கும் ஒரு புட்டி வாங்கிச் செல்வர்.

இவ்வழக்கம் வெறும் பொழுதுபோக்கிற்காகத் தோன்றியதன்று. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பழத்திற்கு விலை கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பறிக்க ஆளும் கிடைக்கவில்லை. பறிகூலியும் வண்டிவாடகையும் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலையில், உண்பவரையே மரத்தடிக்கு அழைத்துவிடலாம் என்று அந்நாட்டு உழவர்கள் துணிந்தனர். விலையின்மையும் ஆளின்மையும் நமக்கும் புதியவையல்ல. ஆகவே அவர்கள் கண்ட வழியை நாமும் ஆராய்வது தகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை முதலிலேயே கூறிவிட வேண்டும். ஆப்பிள் மரத்தை நம் நிலத்தில் ஏக்கர் கணக்கில் நட எண்ண வேண்டாம். அம்மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இயல்புடையது. வழக்கமான ஆப்பிள் இரகங்கள் பலவற்றிற்கு 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரம் கிடைத்தால்தான் உறக்கம் நீங்கிச் சீராகப் பூக்கும். நம் ஊரிலோ மார்கழி இரவிலும் அத்தகைய குளிர் இல்லை. குறைந்த குளிரில் காய்க்கும் இரகங்களும் உள்ளன. இஸ்ரேல் நாட்டில் உருவாக்கப்பட்ட அன்னா இரகமும், இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் பகுதியில் ஓர் உழவர் கண்டெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 இரகமும் அவ்வகையின. ஆர்வமுள்ளோர் வீட்டு முற்றத்தில் இரண்டொரு கன்றுகளை வைத்துப் பார்க்கலாம். ஆனால் ‘சமவெளியிலும் ஆப்பிள் விளையும்’ என்று கூறி நூற்றுக்கணக்கில் கன்று விற்க வருவோரிடம் கடன் வாங்கிய பணத்தைக் கொடுத்துவிடலாகாது.

மண்ணும் வானமும் அறிந்து மரத்தைத் தேர்ந்தவர்களே வென்றிருக்கின்றனர். அமெரிக்காவில் பிறந்து 1904-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பார் இமயமலைச் சாரலில் கோட்கட் பகுதியில் குடியேறினார். 1916-ஆம் ஆண்டில் ரெட் டெலிசியஸ் என்னும் ஆப்பிள் கன்றுகளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து நட்டார். அங்குள்ள குளிரும் மண்ணும் அதற்கு ஏற்றவையாக இருந்தன. தாம் மட்டும் பயனடையாது அண்டை உழவர்களையும் அதில் ஈடுபடுத்தினார். இன்று அம்மாநிலத்து மலைக் கிராமங்கள் பலவற்றிற்கு ஆப்பிளே வாழ்வளிக்கின்றது. நம் நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்ற அப்பெரியார் பின்னர் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டார்.

அத்துணை தூரம் போவானேன்? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையே நமக்கு ஒரு பாடசாலை. அடிவாரத்தில் 1900-ஆம் ஆண்டில் அமைந்த கல்லாறு பழப்பண்ணையிலும், அதற்கு மேலே 1871-ஆம் ஆண்டில் அமைந்த பர்லியாறு பண்ணையிலும் மங்குஸ்தான், துரியன் முதலியவை காய்க்கின்றன. மேலும் ஏறிக் குன்னூரை அடைந்தால் பேரி, பிளம்ஸ், பெர்சிமன் முதலிய குளிர்நாட்டுப் பழங்களைக் காண்கின்றோம். 1874-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அவ்வூர் சிம்ஸ் பூங்காவில் கோடையில் நடைபெறும் பழக்கண்காட்சிக்கு மக்கள் திரள்கின்றனர். சில மணி நேரப் பயணத்திற்குள் மரங்கள் இவ்வாறு மாறுகின்றன. ஒவ்வோர் உயரத்திற்கும் அதற்குரிய பழம் உண்டு என்பதே அம்மலை கற்பிக்கும் பாடம்.

அங்ஙனமாயின் நம் உயரத்திற்குரிய பழம் எது? நமது பகுதி பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் வறண்ட பகுதி. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்கின்றது. இதனைத் தாங்கி நிற்பவை நெல்லி, சீத்தா, கொய்யா, இலந்தை, மாதுளை, சப்போட்டா ஆகியவை. இவற்றுள் நெல்லி நமக்கு மிகவும் இணக்கமானது. அண்மையில் உள்ள பவானிசாகர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே பி.எஸ்.ஆர்.-1 என்னும் நெல்லி இரகம் வெளியிடப்பட்டுள்ளது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 110 மரங்கள் கொள்ளும். ஒட்டுக்கன்றாயினும் பயன் தர நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதுவரை இடைவெளியில் உளுந்து, தட்டைப்பயறு, நிலக்கடலை பயிரிடலாம். கொய்யா இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். ஆதலின் இரண்டையும் கலந்து வைப்பது அறிவுடைமை.

நீரைப் பற்றியும் ஒரு சொல். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டிற்குக் கீழே பவானியில் செல்லும் உபரி நீர் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குச் செலுத்தப்படுவதே இத்திட்டம். இந்நீர் நிலத்தடி நீரை உயர்த்துவதற்கானது. கிணற்றில் சற்று நீர் ஏறியதும் மிகுதியாக நீர் வேண்டும் பயிருக்குத் தாவிவிடலாகாது. சொட்டுநீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியமும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் வழங்கப்படுகின்றது. பழமரமும் சொட்டுநீரும் நன்கு இணங்குபவை.

இனி விற்பனைக்கு வருவோம். தோட்டத்தில் விளைந்த பழம் கடைக்குச் செல்லும் வரை என்னென்ன கழிகின்றன? பறிகூலி, சாக்கு அல்லது பெட்டி, வண்டிவாடகை, தரகு, வழியில் நசுங்கியழுகும் சேதம் ஆகிய ஐந்தும் கழிகின்றன. கடையில் உண்பவர் கொடுக்கும் விலையையும் உங்கள் கைக்கு வந்த விலையையும் ஒரு தாளில் எழுதி, இடையே இவ்வைந்தையும் குறித்துப் பாருங்கள். 1999-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை இவற்றுள் தரகை நீக்கியது. உண்பவர் தோட்டத்திற்கே வந்து பறிப்பாராயின் ஐந்துமே பெரும்பாலும் குறைந்துவிடுகின்றன.

வருபவர் யார் என்று கேட்கலாம். திருப்பூரிலும் கோவையிலும் ஆறு நாட்கள் தையல் இயந்திரத்தின் முன்னும் அலுவலகத்திலும் அமர்ந்திருப்போர் ஏழாம் நாள் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று தேடுகின்றனர். கொய்யா மரத்தைக் கண்டறியாத குழந்தைகள் நம் அருகிலேயே வளர்ந்து வருகின்றனர். பள்ளிகளும் தங்கள் மாணவர்களை அழைத்துவர விரும்பும். மேலும் இவ்வழக்கம் நம் கொங்கு நாட்டிற்கு அயலானதும் அன்று. பொங்கலை ஒட்டிப் பெண்டிரும் சிறுமியரும் கட்டுச்சோற்றுடன் கூடிச் சென்று பூப்பறித்து மகிழும் நோன்பு நம்முடையதே. தை மாதம் நெல்லியும் இலந்தையும் கிடைக்கும் காலமாதலின், பூப்பறிக்கச் செல்வோரைப் பழம் பறிக்கவும் அழைக்கலாம் அன்றோ?

சாற்றிலும் நமக்குக் குறைவில்லை. கரும்பாலைக் கொட்டகைக்குச் சென்றவரைப் பால் அருந்தச் செய்யாமல் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. நெல்லிச் சாற்றில் இஞ்சியும் வெல்லமும் சேர்த்துத் தரலாம். மாதுளையைப் பிழிந்து தரலாம். பனையுள்ளோர் அதற்குரிய அனுமதி பெற்றுப் பதநீர் தரலாம். மேல்நாட்டில் புளிக்காத சைடரும் உண்டு. புளித்து மதுவாகிய சைடரும் உண்டு. நமக்குப் பதநீரும் கள்ளும் போல என்க. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும், இறக்கியவுடன் அருந்துவதுமே இரண்டையும் பிரிக்கும் எல்லை. கள் இறக்கத் தடையுள்ள நம் மாநிலத்தில் அவ்வெல்லையை மீறுவோர் தமக்கு மட்டுமன்றி இம்முயற்சி முழுமைக்கும் கேடு விளைப்பர்.

புதுச் சாற்றில் மற்றோர் ஆபத்தும் உண்டு. 1996-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காய்ச்சாத ஆப்பிள் சாற்றை அருந்தி அறுபதிற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஒரு குழந்தை இறந்தது. கால்நடைகளின் குடலில் வாழும் ஒருவகை நுண்கிருமி சாற்றில் கலந்ததே காரணம். நிலத்தில் சாணத்தின் மீது விழுந்த பழம் இத்தகைய கிருமிக்கு வாயிலாகின்றது. ஆகவே கீழே விழுந்த பழத்தைச் சாற்றிற்கு ஒருபோதும் எடுக்கலாகாது. மரத்தில் பறித்த பழத்தையும் நல்ல நீரில் கழுவி, கையையும் பொறியையும் தூய்மை செய்து, பிழிந்தவுடன் கொடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

விருந்தினர் வருவதற்கு முன் தோட்டத்தில் முடிக்க வேண்டியவை மூன்று. முதலாவது கிணறு. நம் தோட்டங்களில் கைப்பிடிச் சுவரற்ற ஆழ்ந்த கிணறுகள் இன்னும் உள்ளன. அவற்றிற்குச் சுவரோ வேலியோ எழுப்பாமல் ஒரு குழந்தையையும் உள்ளே விடலாகாது. இரண்டாவது, மருந்து தெளித்த மரத்தில் அம்மருந்திற்குரிய காத்திருப்பு நாட்கள் கழியும் வரை பறிக்க விடலாகாது. மூன்றாவது, மின்மோட்டாரும் கம்பிகளும் குழந்தைகளின் கைக்கு எட்டாதிருக்க வேண்டும். எந்த வரிசையில் பறிக்கலாம், எதைப் பறிக்கலாகாது என்பதை ஒருவர் உடன் நடந்து காட்டினால் கிளை முறியாது, பிஞ்சும் வீணாகாது.

ஊராட்சியின் கடமையும் இதில் உண்டு. தோட்டம் வரை செல்லும் பாதையைச் செப்பனிடுதல், வழிகாட்டிப் பலகை வைத்தல், கழிப்பிடத்திற்கு வழி செய்தல், நெகிழிக் குப்பை காட்டில் சேராமல் தடுத்தல் ஆகியவற்றை ஊராட்சி ஏற்கலாம். ஒரே தோட்டத்தில் ஆண்டு முழுவதும் பழம் இராது. ஐந்தாறு தோட்டத்தார் கூடி, இன்ன மாதம் இன்னாருடைய சீத்தா, இன்ன மாதம் இன்னாருடைய நெல்லி என்று முறை வகுத்தால் வருபவர் ஏமாறார். அம்முறையை ஊராட்சி அலுவலகத்தின் பலகையில் எழுதி வைக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவினர் சாறு பிழிதலையும் நெல்லி ஊறுகாயையும் ஏற்றுக்கொண்டால் நிலமில்லாத குடும்பங்களுக்கும் பங்கு கிடைக்கும்.

இறுதியாக, உழவர் பலருடைய உள்ளத்தில் ஒரு தயக்கம் இருப்பதை அறிவோம். ‘வீடு தேடி வந்தவரிடம் காசு வாங்குவதா? அது நம் வழக்கமில்லையே!’ என்பதே அத்தயக்கம். அது உயர்ந்த பண்பு. அதைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. வந்தவர்க்கு முதற் பழத்தையும் ஒரு குவளைச் சாற்றையும் விருந்தாகக் கொடுங்கள். கூடையில் அவர் கொண்டுசெல்வதற்கு எடைபோட்டு விலை வாங்குங்கள். முன்னது விருந்தோம்பல், பின்னது உழைப்பின் ஊதியம். ஊதியத்தைக் கேட்பதற்கு உழவர் நாணத் தேவையில்லை. நாணி விட்டுக்கொடுத்ததனால்தான் நம் விளைபொருளுக்குப் பிறர் விலை வைக்கின்றனர். அதில் நலிந்து நிலத்தையே மனைகளாக்கி விற்றவர் பலர்.

மழைக்காலம் கன்று நடுவதற்கு ஏற்றது. ஒவ்வோர் ஊராட்சியிலும் அரை ஏக்கரேனும் ஒதுக்க முன்வரும் உழவர்களின் பெயரை உறுப்பினர்கள் எழுதித் தாருங்கள். தோட்டக்கலைத் துறையினரை அழைத்துவந்து மண்ணையும் நீரையும் பார்த்து, எந்த நிலத்திற்கு எந்த மரம் என்று முடிவு செய்ய எங்கள் அலுவலகம் துணை நிற்கும்.