திருமுகமும் ஆலைத்தொழிலாளரும்



ஏட்டில் எழுதப்பட்ட உரிமை வேறு. கைக்கு எட்டும் உரிமை வேறு. இவ்வுண்மையைத் தெளிதற்குப் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் அடோல்ப் டான்ஸ் அவர்களின் வரலாற்றை நாம் நினைவுகூர்தல் தகும்.

அவர் பிறந்த ஆல்ஸ்ற் நகரம் நெசவாலைகள் மலிந்த ஊர். ஆலைகளிற் பாடுபட்டோர் பிளெமிஷ் மொழி பேசிய ஏழைகள்; ஆளும் வகுப்பாரின் மொழியோ பிரெஞ்சு. 12 வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலைவேலைக்கு அமர்த்தலாகாது என்று 1889ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 12 வயது கடந்த சிறுவனையோ நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலைவாங்க அதே சட்டம் இடங்கொடுத்தது. இதுவே அன்று பெருஞ் சீர்திருத்தம் எனப்பட்டது!

1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் திருமுகத்தை விடுத்தார். உழைப்பவன் வாழப் போதிய கூலி பெறவேண்டும், சங்கம் அமைக்க அவனுக்கு உரிமையுண்டு என்று அது உரைத்தது. டான்ஸ் புதுக்கொள்கை எதனையும் போதித்தாரல்லர். திருமுகம் சொன்னதைச் செய்யுங்கள் என்றே கேட்டார். தொழிலாளரையும் சிறு கமக்காரரையும் ஓரணியிற் சேர்க்க 1893இல் எழுந்த கிறிஸ்தவ மக்கள் கட்சிக்கு அவரே முதல்வராய் விளங்கினார்.

அதே ஆண்டில் 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. சொத்தும் கல்வியும் உடையோருக்கு 3 வாக்குகள் வரை உண்டு. ஏழைத் தொழிலாளிக்கோ பெரும்பாலும் ஒன்றே. அவ்வொற்றை வாக்குகள் திரண்டன. கத்தோலிக்கக் கட்சித் தலைவர் சார்ள்ஸ் வூஸ்ற் நெடுங்காலம் கோலோச்சிய தொகுதியிலிருந்தே 1894இல் டான்ஸ் பாராளுமன்றம் புகுந்தார்.

பின்னர் நிகழ்ந்தது யாது? கட்சியின் ஒற்றுமை குலைகிறது என்றனர் அரசியலார். கீழ்ப்படிதல் குலைகிறது என்றனர் திருச்சபை அதிகாரிகள். திருமுகத்தை எவரும் மறுக்கவில்லை. அதனை நிறைவேற்றக் கேட்டவரையே தண்டித்தனர். கென்ற் மேற்றிராணியார் அவர்மேல் தடைமேல் தடை விதித்தார். 1898இல் குருத்துவப் பணியினின்றும் அவர் விலக்கப்பட்டார். அந்நாளில் ஒரு குருவுக்கு இதனினும் கொடிய தண்டனை யாது? அப்போதும் தொழிலாளரை அவர் கைவிட்டாரல்லர். 1902இல் பிரசெல்ஸ் தொகுதி அவரை மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1907இல் அவர் மறைந்தார். ஆணொருவருக்கு ஒரு வாக்கே என்னும் முறை 1919இல் வந்ததை அவர் காணவில்லை.

அன்பர்களே, நல்ல சட்டமும் நல்ல போதனையும் தாமாக நடந்துவிடுவதில்லை. அவற்றைச் சுட்டிக்காட்டிக் கேட்க ஒருவர் வேண்டும். அவர் தண்டிக்கப்படும்போது அவர் பக்கம் நிற்க மக்கள் வேண்டும். டான்ஸ் அவர்களுக்கு அத்தகைய மக்கள் இருந்தனர். ஆலையிலும் வயலிலும் உழைப்போருக்காக வாய்திறப்பவரை நாம் தனியே நிற்க விடலாமா? இக்கேள்வியை ஒவ்வொருவரும் இல்லத்துக்கு எடுத்துச் செல்வோமாக.